மசக்கைக் கருப்பு

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அபர்ணா பிரசவத்துக்கு நம்மாத்துக்கு வரலாமான்னு கேக்கறா. இதில் வாய் சுளுக்கிக்கொள்கிற வார்த்தை எதுவுமில்லை. பிள்ளை பெறப் பெண் பிறந்த வீட்டுக்கு வருவது உலகத்தில் நடக்காத அதிசயமும் இல்லை. ஆனாலும் மத்தியானச் சாப்பாடு முடிந்து, மாடியேறி வந்து, மகாதேவன் ஏணியை விரித்துப் போட்டு, வத்சலா அதன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிய நேரத்திலிருந்து அந்த வாக்கியம் தொண்டையில் சிக்கின கறிவேப்பிலைக் காம்பாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. விளக்கேற்றுகிற நேரத்துக்கு அபர்ணா கூப்பிடுவாள். காலையில் மொட்டைமாடியில் புடவை உலர்த்துகிற சாக்கில் பேசியபோது அப்படித்தான் சொல்லிவைத்தாள். "வர வெள்ளிக்கிழமை வளைகாப்பு வெச்சுக்கலாம்னு அத்தை சொல்றாம்மா. அவாளுக்கு நம்ம வழக்கமெல்லாம் தெரியாது, உங்கம்மா எப்படிச் சொல்றாளோ அப்படியே செஞ்சுடலாம்ங்கறா. அது முடிஞ்சதும் நான் நம்மாத்துக்கு வந்துடட்டுமா? என் ரூம்ல படுத்துக்கணும் போல இருக்கும்மா. அப்பாகிட்டக் கேட்டு சாயங்காலம் சொல்லு." என் ரூம். வத்சலா தலையைத் திருப்பி அந்த ரூமைப் பார்த்தாள். நாலு சுவரும் கருப்பு. ஜன்னல் இருந்த இடமே தெரியவில்லை. அதன்மேல் பலகை அறைந்து, பலகைமேல் கருப்பு வெல்வெட் ஒட்டியாகிவிட்டது. கதவுக்கு உட்புறம் கருப்புத் திரைச்சீலை. தரையில் கருப்புக் கம்பளம். கட்டில் கிடந்த இடத்தில் சாய்வு நாற்காலி, அதுவும் கருப்பு. மிச்சமிருப்பது மேல்தளம் ஒன்றுதான், வெள்ளை வெளேரென்று, பாவம், தன் முறை எப்போது வருமென்று பார்த்துக்கொண்டிருந்தது. புரொஜெக்டர் வந்த நாளிலிருந்து மகாதேவனுக்கு ஒரே குறை. படத்தில் கருப்பு கருப்பாக இல்லையாம், சாம்பலாக இருக்கிறதாம். திரையில் விழுந்த வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டு, மேல்தளத்தில் பட்டு, திரும்பி வந்து திரையிலேயே விழுந்து படத்தை வெளுத்துவிடுகிறதாம். வேலை பார்த்த காலமெல்லாம் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு சொல்லிக்கொடுக்க வத்சலாவை விட்டால் யாருமில்லை. கருப்பு பெயிண்ட் போதாது, அதிலும் ஒரு பளபளப்பு இருக்கும், வெல்வெட்தான் வெளிச்சத்தை முழுங்கும் என்று ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் பாடம் எடுத்தார். முழுங்கட்டும். இந்த வீட்டில் முழுங்கத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள், இப்போது துணைக்கு ஒரு துணியும் வந்து சேர்ந்தது.

"நன்னாப் பிடிச்சிண்டிருக்கியா?" என்றார் மேலேயிருந்து. "பிடிச்சிண்டுதான் இருக்கேன்." பட்டி பார்க்கிற தகட்டை இடுப்பிலிருந்து உருவினார். அப்போதுதான் வத்சலாவுக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்பது புரிந்தது. மேல்தளம் முழுக்க நட்சத்திரம். பகலில் பார்த்தால் பழுப்பேறின பிளாஸ்டிக் துண்டுகள், சுண்ணாம்போடு சுண்ணாம்பாகக் கண்ணுக்கே தெரியாது. விளக்கை அணைத்தால் பச்சையாக மினுமினுக்கும். அபர்ணா எட்டாவது படிக்கும்போது பர்ஸ்ட் ரேங்க் வாங்கினதற்கு என்ன வேண்டுமென்று கேட்டதில் அவள் கேட்ட பரிசு. அன்றைக்கும் இதே ஏணிதான், இதே கைதான். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை, கெட்டதைக்கூட. வான சாஸ்திரப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, பென்சிலால் புள்ளி போட்டு, ஓரியன் இங்கே, கார்த்திகை அங்கே என்று ஒவ்வொன்றாக ஒட்டினார். சப்தரிஷி மண்டலம் கட்டிலுக்கு நேர் மேலே. அதில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி மங்கலாகத்தான் தெரிய வேண்டும், ஆனால் பாக்கெட்டில் இருந்த நட்சத்திரமெல்லாம் ஒரே அளவு என்று ஒன்றைக் கத்தரியால் வெட்டிச் சின்னதாக்கி ஒட்டினார். "கல்யாணத்தன்னிக்கு அருந்ததி பார்க்கறச்சே எங்கடா இருக்குன்னு முழிக்கப்படாது. தினம் பார்த்துண்டு தூங்கு" என்றார். குழந்தை கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "எனக்குத்தான் இப்பவே தெரியறதே" என்று காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பை எங்கே கொண்டு வைப்பது? சரக் என்று தகடு சுண்ணாம்பில் உரசியது. முதல் நட்சத்திரம் அவள் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. "ஏன்னா, அதை எதுக்குச் சுரண்டறேள்? சட்டம் அடிச்சு அதுமேலதானே துணி வரப்போறது. உள்ள அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே." "உள்ளேர்ந்து மினுங்கும்." "இத்தனை தடிமனா இருக்கே துணி..." "மினுங்கும்னா மினுங்கும். உனக்குத் தெரியாது." தெரியாதுதான். வெல்வெட் வெளிச்சத்தை முழுங்கும் என்று நேற்று ராத்திரிவரை பாடம் எடுத்தவருக்கு, பதினாறு பதினேழு வருஷத்துப் பழைய பிளாஸ்டிக் அதைத் துளைத்துக்கொண்டு வருமா வராதா என்று தெரியாமல் இருக்குமா? சரக், சரக். சுண்ணாம்புத் தூள் அவள் தலையிலும் இமையிலும் விழுந்தது. கண்ணைக் கசக்கினாள். நல்லவேளை, கண்ணில் தூசி விழுந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அவர் காப்பி குடித்துவிட்டு வைத்த டவரா ஓரமாக இருந்தது. குனிந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கி அதில் போட்டாள். கட்டில் இருந்த இடத்துக்கு ஏணியை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினாள். சப்தரிஷிகள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். சின்ன நட்சத்திரத்துக்கு வந்தபோது தகடு நின்றது. வத்சலா அண்ணாந்து பார்த்தாள். அவருடைய முகம் தெரியவில்லை, வேட்டியும் முழங்காலும்தான் தெரிந்தன. கழுத்து வலித்ததோ என்னவோ, சும்மா நின்றார். பிறகு தகட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, விரல் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தார். எடுத்ததைக் கீழே போட்டார். அதுவும் மற்றதைப் போலத்தான் விழுந்தது, சத்தமில்லாமல்.

கேட்டிருக்கலாம், அந்த நேரத்தில். அவர் சும்மா நின்ற நேரத்தில் கேட்டிருந்தால் ஒருவேளை. இப்படித்தான் ஒவ்வொரு நேரத்தையும் நழுவவிட்டு, போன பிறகு அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்கு வழக்கம். கல்லில் நார் உரிக்கிறதற்கும் ஒரு பதம் இருக்கும்போல, அந்தப் பதம் அவளுக்கு என்றைக்கும் கைகூடவில்லை. அபர்ணா உண்டாகியிருக்கிறாள் என்பதைச் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான். அபர்ணா சொல்லி மாசக்கணக்காகத் தள்ளிப்போட்டு, நாலு நாள் ஒத்திகை பார்த்து, அவர் வயிறு நிறைந்திருக்கிற நேரம் பார்த்து, சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "நம்ம அபர்ணா உண்டாயிருக்காளாம்." அவர் இலையைப் பார்த்தபடி, "மோர் விடு" என்றார். அவ்வளவுதான். விட்டாள். தாத்தாவாகப் போகிற சேதிக்கு ஒரு மனிதர் சொன்ன பதில் மோர் விடு. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து அந்தப் பார்சல் வந்ததே! அதை நினைத்தால் இப்போதும் வத்சலாவுக்கு உடம்பெல்லாம் கூசும். போன வெள்ளிக்கிழமை காலை, பூஜை முடித்து வாசலுக்கு வந்தால், அட்டைப் பெட்டியை இறக்கிவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான் ஒருவன். மூலையில் அட்டை கிழிந்து உள்ளே துணி எட்டிப்பார்த்தது. கருப்பு. கொட்டைப்பாக்கு அளவுதான் தெரிந்தது, ஆனால் கருப்பு. மாமியார் காலத்திலிருந்து கருப்பு நூல்கூட இல்லாத வீடு. இந்த வீட்டுக்குள் கருப்பு நுழையலாம் என்று சாஸ்திரம் அனுமதிக்கிற ஒரே ஒரு சமயம்தான் உண்டு: வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கண் படக்கூடாது என்று வளைகாப்புக்கு எடுக்கிற கருப்புப் புடவை, மசக்கைக் கருப்பு. மற்ற நாளெல்லாம் அபசகுனமாக இருக்கிற நிறம் அன்றைக்கு மட்டும் காவலுக்கு வரும். வத்சலாவுக்கு அவளுடைய அம்மா எடுத்துக்கொடுத்தது நயமான கருப்பு, அரக்குக் கரை. இன்னும் பெட்டியடியில் இருக்கிறது, மடிப்பெல்லாம் இற்றுப்போய். இரண்டு நிமிஷம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயோ, இந்த மனுஷர் வாயால்தான் சொல்ல மாட்டார், வாங்கிப்போட்டிருக்கிறார் பார் என்று நெஞ்சு பொங்கியது. அவரைப் பற்றி நினைத்த கெட்டதையெல்லாம் அப்படியே வாபஸ் வாங்கினாள். பெட்டியைப் பிரிக்கவில்லை; அவரே பிரித்துக் கொடுக்கட்டும், அந்தப் பெருமை அவருக்கு இருக்கட்டும். உள்ளே போய் முதல் காரியமாகப் பாலைச் சுண்டக் காய்ச்சிப் பாயசம் வைத்தாள். மத்தியானம் அவர் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டாள், அந்த வயதில். கை அலம்பிவிட்டு வந்து பெட்டியைப் பிரித்தார். சுருள் சுருளாக வெல்வெட். "தொட்டுப் பாரு, என்னமா இருக்கு" என்றார். தொட்டுப் பார்த்தாள். மிச்சப் பாயசத்தை வேலைக்காரிக்குக் கொடுத்தாள்.

துணியை இப்போது ஒட்டடைக் கம்பின் நுனியில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓரத்தை அவர் சட்டத்தில் வைத்து ஸ்டேப்ளரால் அடித்துக்கொண்டு வந்தார். டக், டக். மிச்சம் தரையில் படக்கூடாது, பட்டால் தூசியை அள்ளிக்கொள்ளும். இந்தத் துணிக்கு என்ன மடி, என்ன ஆசாரம்! இதைத் தொடும் முன் கை கழுவ வேண்டும், ஈரக்கையால் தொடக்கூடாது, எண்ணெய்க் கை ஆகவே ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது. வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் கன்னங்கரேலென்று இருக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் சாம்பல் பூத்துவிடும். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்க வேண்டும், ஒன்று மாறிப் படுத்தால் வேலை பாழ் என்றார். அபர்ணா மாறிப் படுத்தாள், அதுதான் அவள் செய்தது. செல்வினைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று இதே அறையில் நின்றுகொண்டு சொன்னாள். அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. கத்தியிருந்தாலாவது கத்தி முடித்த பிறகு ஓய்ந்திருப்பார். "உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டாள், அருந்ததியும் இல்லை, அம்மியும் இல்லை. மறுமாதம் புரொஜெக்டர் வந்தது. பெண்ணை அனுப்பிவிட்ட வீட்டில் ஒரு மனிதர் அழுதார் என்றால் புரிந்துகொள்ளலாம், சாமியார் ஆகிவிட்டார் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். இவர் படம் பார்க்க உட்கார்ந்தார். பெண் இருப்பது என்ன சீமையிலா? பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் பெருங்களத்தூர், ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். வத்சலா இந்த இரண்டு வருஷத்தில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தாம்பரத்தில் பல் டாக்டர் என்று பொய் சொல்லிவிட்டுப் போனாள். செல்வினின் அம்மா நாகர்கோவில்காரி, வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்ததே போதும்மா. ஒங்க முறை எல்லாம் எனக்குத் தெரியாது, குத்தங்குறை இருந்தா சொல்லணும் கேட்டேளா" என்றாள். பல்லில் வலி இல்லாமலே அன்றைக்குத் திரும்பும் ரயிலில் தாடையெல்லாம் வலித்தது. மேலே விமானம் ஒன்று போயிற்று. நங்கநல்லூரில் இது ஒரு வரப்பிரசாதம், ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வீடு நடுங்கும். அபர்ணா ஜன்னலில் உட்கார்ந்து சிவப்பு விளக்கைப் பார்த்து எந்த ஊருக்குப் போகிறது என்று கற்பனை பண்ணிக்கொண்டிருப்பாள். வெளிச்சத்தை அடைத்தாயிற்று, சத்தத்தை எந்த வெல்வெட் முழுங்குமோ? விமானம் போய் முடிகிற வரைக்கும் காத்திருந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஏன்னா, அபர்ணா..." என்றாள். டக், டக், டக். "துணி உன் பக்கம் சாயறது பாரு. தூக்கு, தூக்கு." தூக்கினாள். தோள்பட்டை இற்றுவிழுந்தது. "என்னமோ சொன்னியே?" "ஒண்ணுமில்லை." "மேல்தளம்தான் முக்கியம் வத்சலா. சுவரைவிட இதுதான் ஜாஸ்தி திருப்பி அடிக்கும். வந்த கோணத்துலயே திரும்பிப் போகும், கணக்குத் தப்பாது." தப்பாதுதான். முப்பத்தைந்து வருஷமாக இவரிடம் எந்தக் கோணத்தில் என்ன சொன்னாலும் அதே கோணத்தில் திரும்பி அவள்மேலேயே வந்து விழுந்திருக்கிறது. நகை வேண்டாம், பெண்ணை எம்.எஸ்ஸி. படிக்க வையுங்கள் என்றாள். நாளைக்கு ஏதாவது ஆனால் நீதான் ஜவாப் என்றார். ஆனபோது அவள்தான் ஜவாப்.

கடைசித் துண்டும் ஏறினபோது வெளியே பொழுது சாய்ந்திருக்க வேண்டும். உள்ளே அதற்கு அடையாளம் இல்லை. ட்யூப்லைட் ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது, அதுவும் மங்கியதுபோல் இருந்தது, அதன் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள ஒரு சுவர் இல்லை. இங்கே ஒரு பச்சைக்குழந்தையைப் போட முடியுமா? தூளி கட்டக் கொக்கி எங்கே, அதையும் கழற்றியாயிற்று. காமாலை வராமல் இருக்கக் குழந்தைக்குக் காலை வெயில் காட்டச் சொல்வார்களே, அதை எந்த ஜன்னலில் காட்டுவது? கட்டிலைக் கீழே கொண்டுபோகலாம், கூடத்தில் ஒரு தடுப்புப் போடலாம் என்று மனசு பாட்டுக்குச் சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்தது. ஆசைக்கு வெட்கமில்லை. அவர் ஏணியை மடக்கிச் சுவரோரம் சாத்தி, அதன்மேலும் ஒரு கருப்புத் துணியைப் போர்த்தினார். முகத்தில் ஒரு சந்தோஷம், பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டு வந்த பையனுக்கு இருக்குமே, அது. "இப்போதான் வேலையே இருக்கு. திரையில வெறும் வெள்ளையைப் போடறேன். நீ கதவுகிட்ட உட்காந்துண்டு சுத்திப் பாரு. திரையைத் தவிர என்னென்ன தெரியறதோ ஒவ்வொண்ணாச் சொல்லு. தெரியறதையெல்லாம் மூடணும்." வத்சலா டவராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கம்பளத்தில் உட்கார்ந்தாள். ட்யூப்லைட் அணைந்தது. திரையில் வெள்ளை எரிந்தது. "சொல்லு." "ஏசி மேல பச்சையா ஒண்ணு எரியறது." கருப்பு டேப்பைக் கிழித்து ஒட்டினார். "அப்புறம்?" "ஸ்விட்ச்போர்டுல ஸ்க்ரூ." ஒட்டினார். "ஏணியோட கால் கொஞ்சம் வெளில தெரியறது." துணியை இழுத்துவிட்டார். "அப்புறம்?" "உங்க மூக்குக்கண்ணாடி." "அது இருக்கட்டும், அது எனக்குத் தெரியாதே" என்று சொல்லி, அந்த வேடிக்கையை ரசித்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தவர், "உன் மூக்குத்தி மின்றது. அந்தண்டைத் திரும்பி உட்காரு" என்றார். வத்சலா திரும்பி உட்கார்ந்தாள். கதவின் திரைச்சீலைக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் முகம். கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்ட எட்டுக்கல் மூக்குத்தி. பெண் பார்க்க வந்தபோது இதன் பளிச்சுத்தான் முதலில் கண்ணில் பட்டதென்று பின்னொருநாள் சொன்னவர் இவர்தான். சரி, எல்லாவற்றுக்கும் ஒரு காலம். "இப்போ கருப்பைப் போடறேன். இதுதான் கடைசிப் பரீட்சை" என்ற குரல் வந்தது. திரையும் அணைந்தது.

அப்படி ஒரு இருட்டை வத்சலா பார்த்ததில்லை. கண்ணைத் திறந்திருக்கிறாளா, மூடியிருக்கிறாளா என்பதே தெரியவில்லை. தன் கை தனக்கு இல்லை. வயிற்றுக்குள் இருக்கிற குழந்தைக்கு இப்படித்தான் இருக்குமோ? இருக்காது, அதற்கு அம்மாவின் மூச்சாவது கேட்கும். இங்கே அவருடைய மூச்சுக்கூடக் கேட்கவில்லை. பயம் வந்தது, என்னவென்று சொல்லத் தெரியாத பயம். செத்துப்போய்விட்டால் இப்படி இருக்கலாம், அப்போதும் இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னும் என்ன தெரியறது சொல்லு என்று கேட்டுக்கொண்டிருப்பார். குனிந்தாள். மடியில் ஏதோ பச்சையாகப் பூத்திருந்தது. டவரா நிறைய. இத்தனை நேரம் ட்யூப்லைட்டுக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்ததில் வாங்கிக்கொண்ட வெளிச்சத்தையெல்லாம் இப்போது அவை கொடுத்துக்கொண்டிருந்தன. அவள் விரல்கள் தெரிந்தன. உள்ளங்கை ரேகை தெரிந்தது. ஒரு துண்டு மட்டும் சின்னதாக, கத்தரியால் வெட்டின ஓரத்தோடு. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "அங்க என்ன மின்றது?" என்றார். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். "வத்சலா, என்ன அது?" "நட்சத்திரம்." "எந்த நட்சத்திரம்?" "நீங்க ஒட்டினது." கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் வத்சலா மறுபடியும் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கத் தயாரானாள், அவ்வளவு அசடு. "வெளில கொண்டுபோய்க் கொட்டு" என்றார் அவர். "படம் நடக்கறப்போ ஓரக்கண்ணுல உறுத்தும்."

அதே சமயம் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்ததும் அறை முழுக்க வெளிச்சம், பட்டப்பகல் மாதிரி. போனில் அப்பு என்று மூன்று எழுத்து. குழந்தையாக இருந்தபோது அவர் கூப்பிட்ட பெயர். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைக் கையால் மறைத்துக்கொள்வது தெரிந்தது. "அதை அணை" என்றார். வத்சலா அணைக்கவில்லை. மத்தியானம் முழுக்கத் தொண்டையில் கிடந்தது தன்னால் வெளியே வந்தது, காம்பு, முள் எதுவும் இல்லாமல். "அபர்ணா கூப்பிடறா. பிரசவத்துக்கு நம்மாத்துக்கு வரலாமான்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?" போன் அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் கையைக் கீழே இறக்கினார். கோபம் இல்லை, அதுதான் கொடுமை. கணக்குக்கு விடை சொல்கிற குரலில், நிதானமாக, "வந்து எங்க படுத்துப்பா? ரூம் ஏது?" என்றார். ரூம் ஏது. வத்சலாவுக்கு அப்போதுதான் தேதிகள் வரிசையாக வந்து நின்றன. மோர் விடு என்றது முதலில். வெல்வெட் வந்தது அதற்குப் பிறகு. படம் சாம்பலாக இருக்கிறதென்று இரண்டு வருஷமாக முணுமுணுத்தவர், ஒரு ஜன்னலைக்கூடச் சாத்தாதவர், பெண் உண்டாகியிருக்கிறாள் என்று கேட்ட பிறகுதான் துணிக்குச் சொல்லியனுப்பினார். வாத்தியார் அல்லவா, கேள்வி வருவதற்கு முன்னாலேயே விடையைத் தயார்பண்ணி, நாலு சுவரிலும் ஒட்டி, மேலேயும் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இத்தனைக்கும் கம்பைத் தூக்கிப் பிடித்தவள் அவள். கை கழுவிக்கொண்டு, துடைத்துக்கொண்டு, தரையில் படாமல் பிடித்தவள் அவள். வேலியில் போனதை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவளுக்காவது அது ஓணான் என்று தெரிந்திருக்கும்.

டவராவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். திரைச்சீலையை விலக்கிக் கதவைத் திறந்து மாடிப்படித் தலைப்பில் வந்து நின்றாள். மேற்குச் சன்னல் வழியாக மாலை வெயில் படியெல்லாம் கொட்டிக் கிடந்தது. கண் கூசிக் கண்ணீர் வந்தது. போனைக் காதில் வைத்தாள். "அம்மா, அப்பாகிட்டக் கேட்டியா?" என்றாள் அபர்ணா. "கேட்டேன்." "என்ன சொன்னார்?" பொய் நாலைந்து வாய்வரை வந்து நின்றன, எல்லாம் நல்ல பொய்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஆத்தில் மராமத்து நடக்கிறது. எதையும் சொல்லவில்லை. "நான் அங்க வரேண்டி" என்றாள். "நீயா? இங்கயா?" "ஏன், பத்தியம் வைக்க இந்த ஆத்து அடுப்புதான் வேணுமா? வியாழக்கிழமையே வந்துடறேன். வளைகாப்பு, பிரசவம் எல்லாம் அங்கயே. உன் மாமியார்கிட்டச் சொல்லு, எனக்குப் படுத்துக்க ஒரு பாய் போறும்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மசக்கைக் கருப்பு எடுக்கணும்மா, எனக்கு எங்க வாங்கறதுன்னே..." "அது அம்மா எடுக்கறது. அதைப் பத்தி உனக்கென்ன? நான் எடுத்துண்டு வரேன்." போனை வைத்தாள். டவராவில் இருந்ததெல்லாம் வெயிலில் வெறும் பழுப்புப் பிளாஸ்டிக்காகியிருந்தது. கொட்டவில்லை. சின்னதை மட்டும் தனியாக முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வத்சலா" என்று உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை, முகத்தையும் இந்தப் பக்கம் திருப்பவில்லை. திறந்த கதவு வழியாகப் போன வெயில் ஒரு பட்டையாகக் கம்பளத்தில் விழுந்து, அவர் கால் கட்டைவிரல்வரை போயிருந்தது. "கதவைச் சாத்து. வெளிச்சம் உள்ள வரது." அவர் சொன்ன ஒரு வேலையை அரைகுறையாகச் செய்து வத்சலாவுக்குப் பழக்கமில்லை. திரைச்சீலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துவிட்டாள், துணி ஒரே பக்கம் படும்படி கையால் நீவிவிட்டாள், பிறகு கதவைச் சாத்தினாள். வேலை சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகவில்லை.